மாதச் சாப்பாட்டுச் செலவு 9,650 ஆகிறது, 7,000-க்குள் வர வேண்டும், மகளுக்கு ரத்தமும் ஏற வேண்டும். வழி சொல்லுங்கள்

வில்லாபுரம் தையல்:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை வில்லாபுரம் பக்கம் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், மாமியார், ஏழாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன். அவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார், மூன்று மாதமாக ஆர்டர் இல்லை என்று வாரத்தில் நாலு நாள்தான் கூப்பிடுகிறார்கள். நான் ப்ளவுஸ் தைக்கிறேன், முகூர்த்த மாதத்தில் கை ஓயாது, மற்ற மாதத்தில் ஃபால்ஸ் அடிக்கிற வேலைதான் வரும்.

போன மாதம் முழுக்க ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், பார்த்தால் எனக்கே மயக்கம் வந்தது. பால் ஒரு நாளைக்கு ஆவின் நீலம் அரை லிட்டர் இரண்டு, 1,200. கடை அரிசி ஒரு சிப்பம் 1,450. காய்கறி 1,500. பலசரக்கு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 1,500. ஞாயிற்றுக்கிழமை கோழி, மாதம் 1,000. சனிக்கிழமை ராத்திரி புரோட்டா சால்னா, வாரம் 350 வீதம் 1,400. சாயந்திரம் பிள்ளைகளுக்கு பப்ஸ், பிஸ்கட் என்று தினம் 30 ரூபாய், அது 900. பாலில் கலக்கிற சத்து பானம் டப்பா 380. பாக்கெட் மாவு 320. மொத்தம் 9,650. கேஸ் தனி.

இந்தச் செலவுக்கு எல்லாரும் தெம்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை செய்ததில் மகளுக்கு ஹீமோகுளோபின் 9.6 என்று எழுதிக் கொடுத்தார்கள், இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள், வயிற்றைப் புரட்டுகிறது என்று அவள் ஒளித்து வைத்துவிடுகிறாள். மாமியாருக்குச் சர்க்கரை. தெருவில் கேட்டால் பீட்ரூட் கொடு, மாதுளை கொடு, பாதாம் ஊறவைத்துக் கொடு என்கிறார்கள். ஒரு மாதுளை விற்கிற விலையில் நான் ஒரு வேளைக் குழம்பே வைத்துவிடுவேன். ரேஷனில் அரிசி, பருப்பு, பாமாயில், சீனி வாங்குகிறோம், ஆனால் அந்த அரிசிச் சோறு அவருக்குப் பிடிக்காது, பாதி பக்கத்து வீட்டு மாட்டுக்குத்தான் போகிறது.

7,000 ரூபாயில் ஐந்து பேருக்குச் சத்தாகச் சமைக்க முடியுமா? யூடியூபில் சொல்கிற மாதிரி அவகாடோ, பனீர் எல்லாம் வேண்டாம், நம் வீட்டில் நடக்கிற மாதிரி சொல்லுங்கள்.


இயற்கை வழி:

அரிசியையும் சீனியையும் வீட்டை விட்டு வெளியே போடுங்கள் சகோதரி. வரகு, சாமை, தினை, குதிரைவாலி என்று ஐந்து நாளைக்கு ஐந்து சிறுதானியம். மாமியார் சர்க்கரை, மகள் ரத்தசோகை எல்லாம் மூன்றே மாதத்தில் ஓடிவிடும். நம் முன்னோர் மருந்தா சாப்பிட்டார்கள்?


பேரையூர் சம்சாரி:

மேலே எழுதிய தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் குதிரைவாலி விதைக்கிறவன். எங்கள் பக்கம் மானாவாரிக் கரிசலில் அதுதான் போடுவோம். களத்தில் எங்களுக்குக் கிடைக்கிற விலை வேறு, மதுரைக் கடையில் பாக்கெட்டில் நீங்கள் கொடுக்கிற விலை வேறு. ஏனென்றால் வரகு, சாமை, தினை, குதிரைவாலி எல்லாம் தொலி மூடிய தானியம். மெஷினில் கொடுத்து உமி நீக்க வேண்டும், அதில் கணிசமாகக் கழிந்துபோகும், மீதிதான் அரிசியாகத் தேறும். அதனால்தான் பொன்னி அரிசியை விட அது விலை கூடி நிற்கிறது. கையில் காசு இறுகி நிற்கிற வீட்டுக்கு ஐந்து நாள் ஐந்து தானியம் என்று சொல்வது, பசிக்கிறவனிடம் மாதுளை சாப்பிடு என்கிற கதைதான்.

ஆனால் கம்பும் கேப்பையும் (கேழ்வரகு) அப்படி இல்லை. இரண்டுக்கும் மேலே மூடிய உமி கிடையாது, அடித்துப் புடைத்தால் தானியம் கைக்கு வந்துவிடும், அதனால் விலையும் அடங்கி இருக்கும். கேப்பையை மாவாக வாங்காதீர்கள் தங்கச்சி. முழுசாக இரண்டு கிலோ வாங்கி, கல் பார்த்து, நாலு தண்ணீர் அலசி, ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளை விட்டதும் நிழலில் உலர்த்தி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கேப்பையில் சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அதே அளவு பாலில் இருப்பது 120-தான். முளை கட்டினால் அதில் இருக்கிற இரும்பும் உடம்பில் கொஞ்சம் கூடுதலாக ஒட்டும்.

இன்னொன்று. மாமியாருக்குச் சர்க்கரை என்பதால் கேப்பைக் கூழ் சொம்பு சொம்பாகக் கொடுத்துவிடாதீர்கள். மாவாக அரைத்துக் கரைத்துக் குடிக்கிற எதுவுமே சோறு மாதிரிதான் சர்க்கரையை ஏற்றும். அவருக்கு கேப்பை ரொட்டியாக ஒன்று, முருங்கைக்கீரை தாராளமாகப் போட்டு, கூடவே பயறு. அளவுதான் முக்கியம், தானியத்தின் பேர் இல்லை. எங்கள் அப்பத்தா கேப்பையும் கம்பும் தின்றே வளர்ந்தவர், அவருக்கும் 60 வயதில் சர்க்கரை வந்தது. அவர் வயலில் நடந்த நடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை!


சத்துணவு அக்கா:

17 வருடமாக சத்துணவு மையத்தில் சமைக்கிறேன், வயதில் மூத்தவள், அதனால் நீ என்றே எழுதுகிறேன் தங்கச்சி. முதலில் உன் நோட்டைப் பாராட்ட வேண்டும். அப்படி எழுதி வைத்திருப்பதால்தான் பதில் சொல்ல முடிகிறது. புரோட்டா 1,400, சாயந்திரத் தீனி 900, டப்பா 380, இந்த மூன்றையும் கூட்டிப் பார், 2,680. நீ குறைக்க நினைக்கிற தொகை 2,650. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஆனால் அப்படி ஒரே அடியாக வெட்டினால் இரண்டாவது வாரமே வீட்டில் கலவரம் வரும், அவர் வெளியில் தனியாகச் சாப்பிட்டு வருவார், அந்தச் செலவு நோட்டிலேயே வராது. அதனால் புரோட்டாவை மாதம் ஒரு தடவை வைத்துக்கொள். மதுரையில் இருந்துகொண்டு புரோட்டாவே வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வராது.

அடுத்தது அரிசி. தயவுசெய்து ரேஷன் அரிசியை மாட்டுக்குப் போடாதே. 2011 ஜூனிலிருந்து இலவசமாகக் கிடைக்கிற அரிசி என்பதால்தான் அதற்கு மதிப்பில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க செறிவூட்டிய அரிசி கொடுக்க ஆரம்பித்தார்கள், 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற கணக்கில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த மணி கலந்திருக்கும். அந்த மணி கொஞ்சம் நிறம் மாறி இருக்கும், கழுவும்போது சிலது மிதக்கும், உடனே பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் போடுகிறார்கள். மகளுக்கு ரத்தம் இல்லை என்று கவலைப்படுகிற வீட்டில் இரும்புச்சத்தைப் பொறுக்கி வெளியே போடுகிறோம், பார். ஏழெட்டுத் தடவை கழுவாதே, இரண்டு தடவை போதும். கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றாதே, குக்கரில் அளந்து தண்ணீர் வை, இல்லை வடித்த கஞ்சியை ரசத்துக்கு வைத்துக்கொள்.

சோறாக அவருக்கு இறங்கவில்லை என்றால் விடு, புழுங்கல் அரிசி இட்லிக்கு என்னவாகிறது? ரேஷன் புழுங்கல் நாலு டம்ளர், தொலி உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன், பாக்கெட் மாவுச் செலவு போயே போச்சு. காலை பலகாரம் முழுக்க ரேஷன் அரிசியில், மதியச் சோறு கடை அரிசியில், அதிலும் பாதி பாதி கலந்து வடி. முதல் வாரம் யாரிடமும் சொல்லாதே. ஒரு சிப்பம் இரண்டு மாதம் வரும், அதில் மாதம் 725 மிச்சம்.

இப்போது சத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் தட்டில் சோறு மலையாக இருக்கும், வெஞ்சனம் ஓரத்தில் ஒரு கரண்டி இருக்கும். இதைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. 55 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் புரதம் தேவை என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், அதில் 100 கிராம் எடுத்தால் 3 ரூபாய்க்கு 22 கிராம் புரதம். கடையில் பயறு 100 கிராம் 12 ரூபாய் என்று வைத்தாலும் 24 கிராம். முட்டை ஒன்று ஆறேழு ரூபாய், 6 கிராம். பால் அரை லிட்டர் 20 ரூபாய்க்கு 16 கிராம். எது எங்கே நிற்கிறது என்று நீயே பார்த்துக்கொள். பாலை ஒரு பாக்கெட் ஆக்கு என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒரு பாக்கெட்டில் பாதியைத் தயிராக உறை ஊற்றிவிடு, மதியம் ஐந்து பேருக்கும் மோர் வரும். டீக்குப் போகிற பால்தான் வீண், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தினம் ஏதாவது ஒரு பயறு, ஆளுக்கு ஒரு கைப்பிடி, ஐந்து பேருக்கு 200 கிராம். ராத்திரி படுக்கும் முன் ஊறப்போடுவதை மட்டும் பழக்கமாக்கிக்கொள், மற்றதெல்லாம் தானாக நடக்கும். தட்டாம்பயறு கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு, மொச்சை போட்டு ஒரு நாள், பச்சைப்பயறை ஒரு பிடி அரிசி, இஞ்சி, பச்சைமிளகாயோடு அரைத்து தோசை (இதற்கு மாவு புளிக்க வேண்டிய அவசியமே இல்லை, காலையில் அரைத்து அப்போதே ஊற்றலாம்), கொள்ளு ஒரு நாள், அதன் வேகவைத்த தண்ணீரில் ரசம், பயறில் துவையல். சாயந்திரம் பப்ஸுக்குப் பதில் சுண்டல், இல்லை வறுத்த நிலக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும். சத்து பான டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சீனி எவ்வளவு என்று போட்டிருக்கும், ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அடுத்த டப்பா வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்.

பீட்ரூட் கதை. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நினைக்கிறோம். 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மில்லிகிராம்கூட இல்லை, மாதுளையில் அதை விடக் குறைவு. கொள்ளில் எட்டுக்கு மேல், கம்பில் ஆறு, முருங்கைக்கீரையில் நாலரை. அதற்காகக் கீரை மட்டும் தின்றால் ஏறிவிடும் என்று இல்லை, செடி கொடியில் இருக்கிற இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். புளிப்பு சேர்ந்தால் கூடுதலாக எடுக்கும். அதனால் கீரைப் பொரியலை இறக்கிவிட்டு எலுமிச்சை பிழி, சீசனில் ஒரு நெல்லிக்காய், ஆயக்குடி கொய்யா தள்ளுவண்டியில் மலிந்து வரும்போது பாதிப் பழம். இரும்புச் சட்டியில் தாளி, குழம்பு வை. சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் அந்த இரும்பு ஒட்டாமல் போய்விடும், ஒரு மணி நேரமாவது தள்ளி வை. டீக்குப் போகிற பால் வீண் என்றது இதனால்தான், சோற்றுக்கு மேலேயே டீ வைத்துக்கொள்கிற வீடுகளை எனக்குத் தெரியும்.

மகள் விஷயம்: அந்த மாத்திரையை நிறுத்தாதே. 9.6 என்பது சாப்பாட்டால் மட்டும் சீக்கிரம் ஏறுகிற அளவு இல்லை, அந்த வயதுக்கு 12 இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் புரட்டினால் ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் கொடு, பாலோடு கொடுக்காதே. மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று அவளிடம் முன்பே சொல்லிவிடு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கிற பூச்சி மாத்திரையை விழுங்கினாளா என்று கேள். இரண்டு மாதம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி ரத்தம் பார், ஏறவே இல்லை என்றால் வேறு காரணம் இருக்கும், டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

அவள் பள்ளியில் சத்துணவு சாப்பிடுகிறாளா? ஏழாவதுக்கு வந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வெட்கப்பட்டு டப்பாவில் எலுமிச்சைச் சோறு கொண்டு வருகிற பிள்ளைகளை நான் தினம் பார்க்கிறேன். வாரம் ஐந்து முட்டை அங்கே கிடைக்கிறது. டப்பா வேண்டுமானால் கொண்டு வரட்டும், முட்டையை மட்டுமாவது வாங்கிச் சாப்பிடச் சொல். பையன் மூன்றாவது என்றால் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவும் உண்டு, அந்தத் திட்டத்தையே 2022 செப்டம்பர் 15-ல் நம் மதுரையில்தான் ஆரம்பித்தார்கள். அவனுக்கு வீட்டில் இட்லி ஊட்டி அனுப்பி, அங்கேயும் தட்டை நிரப்பி, பாதியைக் கொட்ட வைக்காதே.


நெல்பேட்டை பாய்:

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், கறியை மட்டும் விட்டுவிட்டார். தங்கச்சி, வாரம் 250 ரூபாய்க்கு பிராய்லர் கோழி எடுக்கிறீர்கள், தப்பில்லை, ஆனால் ரத்தம் ஏற வேண்டும் என்றால் கறியை விட உள்ளுறுப்புதான் சரக்கு. மதுரையில் பிறந்தவருக்குச் சுவரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆட்டின் மண்ணீரல். பிள்ளை வெளுத்திருந்தால் கறிக்கடையில் முதல் நாளே சொல்லிவைத்து வாங்கி, நெருப்பில் வாட்டி, மிளகு உப்பு தடவிக் கொடுப்பது இங்கே வழக்கம், அதில் விஷயம் இருக்கிறது, இரும்பு ஏராளம், அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிற வகை. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் இப்போது அதற்கும் போட்டி. கிடைக்கவில்லை என்றால் கோழி ஈரல் கால் கிலோ வாங்குங்கள், கறி விலையில் சொற்பம்தான் வரும், சின்ன வெங்காயம் நிறையப் போட்டு மிளகு தட்டி வதக்கினால் ஐந்து பேருக்கு ஒரு வேளை. வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

ரத்தப் பொரியலும் சொல்வேன், எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டோம், ஆனால் என் கடைக்கு எதிர்க்கடையில் காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். தெரிந்த கடையில், அன்று அறுத்ததாக வாங்கி நன்றாக வேகவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மீன் என்றால் வஞ்சிரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். மத்தி, நெத்திலி வாங்குங்கள், நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, அப்போது மீன் பக்கமே போகாதீர்கள், விலை கண்ணைக் கட்டும். புரட்டாசியில் பாதி ஊர் விரதம் இருக்கும், கறி விலை இறங்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கருவாட்டுக்கு உப்பு அதிகம், மாமியாருக்கு ரத்தக் கொதிப்பும் இருந்தால் அவர் தட்டில் குறைத்து வையுங்கள்.


சொக்கிகுளம்:

காய்கறி 1,500-ஐ யாரும் தொடவில்லையே. தெருவில் வருகிற வண்டியில் வாங்குகிறீர்களா? வில்லாபுரத்திலிருந்து பழங்காநத்தம் உழவர் சந்தை ஒரு பஸ்தான். போர்டில் அன்றைய விலையை எழுதி வைத்திருப்பார்கள், அதற்கு மேல் வாங்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14-ல் நம் அண்ணா நகரில் திறந்ததுதான், எங்கள் அம்மா அந்த வாரத்திலிருந்து போகிறவர், அவர் இரண்டு ரகம் என்பார்: நல்ல காய் வேண்டுமென்றால் விடிகாலையில் போ, மலிவு வேண்டுமென்றால் கடை கட்டுகிற நேரத்தில் போ. கடைசி நேரத்தில் கூறு கட்டி வைத்திருப்பதை அள்ளிக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அன்றைக்கே சமைக்க வேண்டும். தக்காளி விலை ஏறுகிற மாதத்தில் புளிக்குழம்புக்குப் போய்விடுங்கள், வீம்புக்குத் தக்காளி வாங்க வேண்டாம். கேரட், பீன்ஸ் எல்லாம் மலைக்காய், அதன் விலையில் பூசணி, சுரை, கத்தரி, அவரை, வாழைப்பூ இரண்டு நாளைக்கு வரும். முருங்கைக்கீரையைக் காசு கொடுத்தா வாங்குகிறீர்கள்?


வில்லாபுரம் தையல்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், நடுவில் வளைகாப்பு ப்ளவுஸ் எட்டு வந்துவிட்டது. பதில் சொன்ன அக்கா, அண்ணன், பாய் எல்லாருக்கும் நன்றி. ஒரு மாதக் கணக்கு: 7,340. 7,000-ஐத் தொடவில்லை. புரோட்டா ஒரு தடவை என்று முடிவு செய்து இரண்டு தடவை ஆனது, இரண்டாவது அவர் பிறந்தநாள், என்னால் சொல்ல முடியவில்லை.

எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். பச்சைப்பயறு தோசைதான் வீட்டில் வென்றது. பையன் பச்சை தோசை என்று பேர் வைத்து வாரம் இரண்டு நாள் கேட்கிறான். சுண்டலை முதலில் தொடவில்லை, மாங்காயும் தேங்காய்ப் பத்தையும் கொஞ்சம் போட்டுப் பேப்பரில் பொட்டலம் மடித்துக் கொடுத்ததும் காலியானது. இட்லிக்கு ரேஷன் அரிசி, யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சோற்றில் பாதி கலந்தது மட்டும் மூன்றாவது நாளே மாட்டிக்கொண்டேன், மனிதர் தட்டை முகர்ந்து பார்த்தே சொல்லிவிட்டார்! அதனால் கால் பங்கு, முக்கால் பங்கு என்று ஓட்டுகிறேன், அதையும் ராத்திரியில் மட்டும்.

கொள்ளு தோற்றது. மாமியார் "மாட்டுக்கு வைக்கிறதை எனக்கு வைக்கிறாயா" என்று கேட்டார், அத்தை, இத்தனை நாள் மாட்டுக்குப் போட்டது ரேஷன் அரிசி, இப்போது அதை நாம் சாப்பிடுகிறோம் என்று சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பிறகு ரசமாக வைத்து மிளகு ரசம் என்று பொய் சொன்னேன், இரண்டு டம்ளர் குடித்தார். சோயா உருண்டை யாரோ சொல்லி வாங்கினேன், வாடை போகவில்லை, டப்பாவில் கிடக்கிறது. நெத்திலி எல்லாருக்கும் பிடித்தது, ஆனால் ஆய்வதற்குள் என் இடுப்பு போய்விட்டது, மாதம் ஒரு தடவைதான் முடியும்.

சுவரொட்டி இரண்டு வாரம் கிடைத்தது, மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றாள். மாத்திரையை ராத்திரிக்கு மாற்றியதும் புரட்டல் நின்றது, இப்போது என் கண் முன்னால் விழுங்குகிறாள். சத்துணவு முட்டையைப் பற்றி அக்கா எழுதியதை அப்படியே அவளிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, மறுநாள் அவளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தே போய் வாங்கியிருக்கிறார்கள், தனியாக வரிசையில் நிற்கத்தான் வெட்கம் போல. ரத்தம் மறுபடி பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

முருங்கைக்கீரை: பின் தெருவில் காலி மனையில் மரம் நிற்கிறது, மாமியார் தினம் சாயந்திரம் நடந்து போய் ஒடித்து வருகிறார், நடைக்கு நடையும் ஆச்சு.

ஒரு சந்தேகம். அடுத்த வாரம் முதல் மகளுக்கு உளுந்தங்களி கிண்டலாம் என்று இருக்கிறேன், தொலியோடு இருக்கிற கருப்பு உளுந்து எங்கள் தெருக் கடையில் விலை கூடச் சொல்கிறார்கள். எங்கே வாங்கலாம்?


சத்துணவு அக்கா:

கீழமாசி வீதிக்குப் போ, மொத்தக் கடைகளில் சில்லறையும் கொடுப்பார்கள், நாலு கடை ஏறி இறங்கிக் கேள். தனியாக ஒரு கிலோ கேட்பதை விட, பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டு ஐந்து கிலோவாக எடுத்தால் குறைத்துக் கொடுப்பார்கள். வாசம் வர வறுத்து, ஒரு டம்ளர் உளுந்துக்குக் கால் டம்ளர் பச்சரிசி சேர்த்து மில்லில் நைஸாக அரைத்து வைத்துக்கொள். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டியே ஊற்று, மண் இருக்கும். நல்லெண்ணெய் கடைசியில், கை நிறைய வேண்டாம், இரண்டு ஸ்பூன் போதும்.

அந்த சோயா உருண்டையைத் தூக்கிப் போடாதே. கொதிக்கிற உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, நன்றாகப் பிழிந்து, மறுபடி பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் பிழி, வாடை அடங்கிவிடும். பிறகு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, அடுத்த தடவை ஈரல் வதக்கும்போது அதோடு கலந்துவிடு. உன் வீட்டுக்காரர் மூக்கு தப்பித்துவிட்டால் எனக்கு எழுது.


வில்லாபுரம் தையல்:

அவர் மூக்கு தப்பிக்காது அக்கா. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன்.